கிணற்றடியும் கிறிஸ்தவ மனமும்

அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ மனப்பாங்கை வளர்த்துக்கொள்வது எங்ஙனம் என்னும் வினா அண்மைக் காலத்தில் வடபுலத்து ஆலய மண்டபங்களிலும் மாணவர் முகாம்களிலும் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதற்கு விடை பகரும் சிறு பிரசுரங்கள் மாணவரின் புத்தகப் பைகளுள்ளும் புகுந்துவிட்டன. நாம் படித்துப் பார்த்தவை கூறும் விடை ஏறத்தாழ ஒன்றே. வைகறையில் எழுந்து செபிக்க வேண்டும். நாள்தோறும் ஓர் அதிகாரமேனும் வேதம் வாசிக்க வேண்டும். கவலையை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பொறாமை, கோபம், முறுமுறுப்பு ஆகியவற்றைக் களைய வேண்டும். உள்ளதைக் கொண்டு மகிழ வேண்டும். மனம் மாறினால் வாழ்வு மாறும் என்பது இவற்றின் முடிந்த முடிபு.

இவற்றுள் எதனையும் தீயதென்று நாம் கூற வரவில்லை. வைகறையில் எழுவது யாருக்கும் நல்லதே. ஆனால் 'அன்றாட வாழ்வு' என்னுந் தொடரைத் தலைப்பிற் பொறித்துவிட்டு, எமது மக்களின் அன்றாட வாழ்வு எதனால் ஆனதோ அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருக்கும் சாமர்த்தியத்தை நாம் வியக்காதிருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தவரின் அன்றாட வாழ்வு கிணற்றடியில் தொடங்குகின்றது, அடுப்படியில் நடக்கின்றது, பந்தியிலும் படலையிலும் கலியாணப் பேச்சிலும் செத்த வீட்டிலும் தன் முழு உருவத்தையும் காட்டுகின்றது. இவ்விடங்கள் அனைத்தையும் ஆண்டு வந்தது சாதி. அதனைத் தொடாது யாழ்ப்பாணத்தில் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதுவது, உப்பைத் தொடாது கடலைப் பற்றி எழுதுவதை ஒக்கும்.

கிணற்றையே எடுத்துக்கொள்வோம். எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நீரை எட்டுவதற்குக் கிணறு வேண்டும். கிணறு வெட்டக் காணி வேண்டும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணற்றின் சொந்தக்காரரே ஊரின் சொந்தக்காரர் ஆயினர். காணியற்ற குடும்பத்துப் பெண் குடத்துடன் வந்து, கட்டுக்கு அப்பால் ஒதுங்கி நின்று, வாளியையோ துலாக்கயிற்றையோ தீண்டாது, உரிய சாதியார் எவரேனும் மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்துக் கிடந்தாள். எமது முற்போக்கு இலக்கியம் இக்காட்சியை மறக்கவில்லை. டொமினிக் ஜீவாவின் பரிசு பெற்ற சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயர்; கே. டானியலின் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர். ஜீவா பிள்ளைப் பருவத்தில் ஆசிரியர் ஒருவரின் சாதிப் பழிச்சொல்லாற் பள்ளியை விட்டு நீங்கியவர். டொமினிக், டானியல் எனும் இரு பெயர்களும் ஞானஸ்நானத் தொட்டியின் ஈரம் உலராத பெயர்கள் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

நிற்க, கிறிஸ்தவர்களின் வேதத்திலும் ஒரு கிணற்றடிக் காட்சி உண்டு. யோவான் எழுதிய சுவிசேடத்தின் நான்காம் அதிகாரம் அது. நண்பகல் வேளை. வழிநடந்து களைத்த யேசு சமாரியா நாட்டுக் கிணறொன்றின் அருகே அமர்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். அவள் திடுக்கிடுகிறாள். யூதர் சமாரியரோடு கலந்து புழங்குவதில்லை. அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்துவதில்லை' என்று பொருள் கொள்ளும் உரையாசிரியரும் உளர். கிணறு ஆழமானது, கேட்டவரின் கையில் மொள்ளுவதற்கு ஏதும் இல்லை. அப்படியாயின் அவர் குடிக்கக் கேட்டது அவளுடைய பாத்திரத்திலேதான். எமது ஊர்க் கிணற்றடியில் தாழ்த்தப்பட்டவர் காத்து நிற்க, உயர்ந்தவர் ஊற்றுகிறார். அங்கோ மேலானவர் எனத் தன் சமூகத்தாற் கருதப்பட்டவர் கீழானவள் எனப்பட்டவளின் பாத்திரத்தை நோக்கிக் கையேந்துகிறார். இந்த அதிகாரம் எத்தனை முறை எத்தனை ஆலயங்களில் வாசிக்கப்பட்டிருக்கும்! 'ஜீவ தண்ணீர்' என்பதன் ஆன்மிக விளக்கம் எத்தனை மணி நேரம் நீண்டிருக்கும்! வெறுந் தண்ணீரைப் பற்றிப் பிரசங்கித்த குருமார் எத்தனை பேர் என்பதே எமது கேள்வி.

நாம் எந்தச் சபையைச் சேர்ந்தவர், அல்லது எதனையும் சேராதவரா என்பது இங்குப் பொருட்டன்று. ஒரு நூலைப் பிரமாணமாகக் கொள்வோர் அந்நூலுக்கேனும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை வாசிக்கத் தெரிந்த அனைவருக்கும் உண்டு.

அந்நூலில் இன்னுமொரு காட்சி உண்டு. பிரசுரக்காரர் இதனை மேற்கோள் காட்டுவதை நாம் கண்டதில்லை. அந்தியோகியா நகரில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளுடன் ஒரே பந்தியில் இருந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்தோர் சிலர் வந்து சேர்ந்ததும் அவர் மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைக் கண்டு ஏனையோரும் விலகினர். பவுலின் உற்ற தோழனாகிய பர்னபாவும் விலகினான். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே இதனைச் சொல்கிறார்.

இதிலுள்ள நுட்பத்தை நோக்குவோம். பேதுருவின் மனத்தில் யாது குறை இருந்தது? எம்மனிதரையும் தீட்டானவர் என்று எண்ணலாகாது என்னும் உபதேசம் அவருக்கு ஏலவே கிட்டியிருந்தது. கொர்நேலியு என்ற புறவினத்தானின் வீட்டுக்குள் அவர் சென்று தங்கியும் இருந்தார். மனப்பாங்கைப் பரீட்சிக்கும் வினாத்தாள் ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தால் நூற்றுக்கு நூறு புள்ளி பெற்றிருப்பார். பவுல் அவருடைய மனத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. எந்தப் பந்தியில் இருக்கிறாய், எதிலிருந்து எழுந்து போனாய் என்பதையே கேட்டார். ஊராருக்கு அஞ்சிப் பந்தியை மாற்றியவன் சுவிசேடத்தின் சத்தியத்தையே வளைத்தவன் என்பது அவர் தீர்ப்பு. 'என் உள்ளத்தில் சாதி இல்லை. ஆனால் ஊர் என்ன சொல்லும்' என்று எமது ஊரிற் கேட்கும் குரல் அந்தியோகியாவிலேயே கேட்ட குரல்தான்.

உள்ளத்தில் சமத்துவம், ஊரில் சாதி என்னும் இந்த இரட்டைக் கணக்கே எமது மண்ணிற் கிறிஸ்தவ மனப்பாங்கு என்ற பெயரில் வளர்க்கப்பட்டு வந்தது. இது இன்று நேற்று ஏற்பட்ட பிழையன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உடையது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் அரசாங்கச் சலுகையின் திறவுகோலாயிற்று. பாடசாலைத் தோம்பிற் பெயர் பதிந்து, வினாவிடையை மனனஞ் செய்து ஒப்புவித்தவன் கிறிஸ்தவன். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெளியே எப்படி வாழ்ந்தான் என்றும் கேட்கவில்லை. அதே ஆட்சி 1707இல் எமது வழக்கங்களைத் 'தேசவழமை' என்ற பெயரிற் சட்டமாகத் தொகுத்தது. அத்தொகுப்பில் அடிமைகளுக்கென ஒரு பகுதி உண்டு. எமது மக்களுள் நான்கு சாதியார் அதில் அடிமைகளாக வகுக்கப்பட்டனர். கிறிஸ்துவினிடம் இருந்த மனமே உங்களிடமும் இருக்கட்டும் என்ற பொருள்பட பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அம்மனம் எத்தகையது என்பதற்குச் சான்றாக, அவர் அடிமையின் வடிவெடுத்ததையே காட்டினார். அந்நிருபத்தை வேதமாகக் கொண்ட ஆட்சி அடிமைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேதான்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தனர். அவர்கள் கல்விக்குச் செய்த பணியைத் தமிழ் கற்ற எவரும் குறைத்துப் பேச மாட்டார். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடக்கிய செமினரி வானசாஸ்திரமும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயிற்றியது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆயினும் அவர்கள் தம் நூல்நிலையத்துக்கு எடுத்த முயற்சியைச் சமையலறைக்கு எடுக்கத் தயங்கினர். செமினரியிற் சேர்ந்தோர் பெரும்பாலும் வேளாளப் பிள்ளைகள். ஆரம்ப காலத்தில் அவர்கள் மிஷன் வளவுக்குள் உண்ண மறுத்தமையால், வெளியே சைவரின் காணியிற் சமையற் கொட்டில் அமைக்க வேண்டியதாயிற்று. மாணவருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை போன்ற அறிஞர் பெருமக்களின் பெயர்களில் இன்றும் அதனைக் காணலாம். பெயர் கடல் கடந்து வந்தது. சோறு வேலி கடந்து வந்தது. பின்னர் இந்நிலை தளர்ந்தது உண்மையே. ஆனால் முதற்பாடம் முதற்பாடந்தான். உன் மூளையை எங்களுக்குத் தா, உன் வயிற்றை உன் சாதியே வைத்துக்கொள்ளட்டும் என்பது அப்பாடம்.

தமிழகத்தில் இத்தர்க்கம் வெளிப்படையாகவே வாதிக்கப்பட்டது. அங்கு லூத்தரன் மரபில் வந்த பாதிரிமார் பலர், சாதி என்பது உலகியல் மரியாதை சம்பந்தப்பட்டது, சமய விடயமன்று என்று கூறி அதனைச் சபைக்குள் அனுமதித்தனர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சாதி வேற்றுமைகளை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டுமெனச் சுற்றுநிருபம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் சாதியாசாரத்தை ஆதரித்து நூல் எழுதியவர். அவருடைய கவித்திறனை நாம் மதிக்கிறோம். வகுப்பிற் பாடஞ் சொல்லவும் தயங்கோம். ஆனால் அத்துணைப் பக்தியும் அத்துணைச் சாதியபிமானமும் ஒரே நெஞ்சிற் சண்டையின்றிக் குடியிருந்தனவே, அது எப்படி? பக்தி உள்ளத்துக்குரியது, சாதி உலகத்துக்குரியது என்று இடையே ஒரு சுவர் எழுப்பியிருந்தமையாலன்றோ? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் அச்சுவர் கல்லாலேயே கட்டப்பட்டது. ஒரே பீடத்தை நோக்கும் இரு கூடங்கள், சாதிக்கொரு கூடம், நடுவே தடுப்பு. 1910இற்றான் அது இடிக்கப்பட்டது.

எமது நாட்டில் கல்லாற் சுவர் எழுப்பும் அவசியம் ஏற்படவில்லை. ஊரே சாதி வாரியாக அமைந்திருக்கையில் பங்குகளும் அவ்வாறே அமைவது எளிதாயிற்று.

இன்று நிலைமை மாறிவிட்டதே என்பர். மாறியது உண்மை. குழாய்நீர் வந்தது, வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறு வந்தது, சிரட்டையில் தேநீர் கொடுத்த காலம் மறைந்தது. ஆயினும் எமது மக்களின் சூழ்ச்சித் திறனைக் குறைத்து மதிப்பிடலாகாது. செப வேளைக்கென ஒடுக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டுக்குச் செல்லும் சபையார், பாட்டுப் பாடி, மண்டியிட்டு, சகோதரன் சகோதரி என விளித்து, ஈற்றில் ஆளுக்கொரு சோடாப் போத்தலை மட்டும் ஏற்றுக்கொள்வதை நாம் அறிவோம். தேநீர் வேண்டாம், வயிறு சரியில்லை. மூடி திறக்காத போத்தலில் தீட்டு நுழையாது! ஆலையில் அடைத்த சோடா, யாழ்ப்பாணத்துச் சாதியமைப்புக்கு நவீன கைத்தொழில் அளித்த கொடை என்று யாரேனும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம். இது மறுபுறமும் உண்டு. அவர்கள் இவர்கள் வீட்டுக்கு வந்தால், கழுவி எடுக்கும் கோப்பைக்குப் பதிலாக எறிந்துவிடும் கடதாசிக் கோப்பை வரும். சுகாதாரம் என்பது காரணம்.

கலியாணத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பகுதியில் 'கிறிஸ்தவ' என்னும் அடைமொழிக்குப் பக்கத்தில் 'வேளாள' என்னும் அடைமொழி எவ்வித நாணமுமின்றி அமர்ந்திருக்கும். செத்த வீட்டில் வெள்ளை கட்டவும், மயிர்வினை செய்யவும், பறை முழக்கவும் குடிமைகளை அழைத்த வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நெடுங்காலம் நிலவியது. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை வைத்துச் செத்தவனுக்கும் கட்டாடியார் வந்து சீலை கட்டினால்தான் மரியாதை. வீட்டுக்குள்ளே வந்தால் இன்னொரு காட்சி. மலையகத் தோட்டங்களிலிருந்து வறுமையாற் கொண்டுவரப்பட்ட சிறுமிகள் யாழ்ப்பாணத்து வீடுகளிற் பாத்திரம் துலக்கிய காலம் வெகுதூரத்தில் இல்லை. மாலையில் குடும்பச் செபம் நடக்கும்போது அச்சிறுமி எங்கே நின்றாள்? உள்ளதைக் கொண்டு மகிழ வேண்டும் என்னும் அறிவுரை அவளுடைய காதில் எப்படி ஒலித்திருக்கும்?

முதலில் மனம் மாறட்டும், பிறகு சமூகம் தானே மாறும் என்போருக்கு எமது பாடசாலைச் சரித்திரமே விடை கூறும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் வகுப்பில் நிலத்திலோ, குற்றியிலோ, தாழ்வாரத்திலோ இருந்து படித்த காலம் ஒன்றிருந்தது. 1929-30 அளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டுமெனக் கல்விப் பகுதி கட்டளையிட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. எல்லோருடைய மனமும் மாறும்வரை அக்கட்டளை காத்திருந்திருக்குமாயின் அப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் நிலத்திலேயே இருந்திருப்பர். கட்டளை வாங்கினை மாற்றியது. ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகளின் மனம் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மனம் என்பது ஆகாயத்தில் விளைவதன்று. இருக்கும் இடமும் உண்ணும் பந்தியும் அள்ளும் வாளியும் சேர்ந்து சமைப்பதே மனம்.

'மனந்திரும்புதல்' என்று எமது வேதாகமத்திற் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் 'மெற்றனோயா'. மனமாற்றம் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'திரும்புதல்' என்ற வினையைத் தேர்ந்தமை எமக்கு மிகவும் பொருத்தமாகப்படுகின்றது. திரும்புவதற்குக் காலும் வேண்டும். போகும் பாதையும் வேண்டும். சக்கேயு என்னும் ஆயக்காரன் மனந்திரும்பிய கதையில் அவனுடைய உள்ளுணர்ச்சிகள் வருணிக்கப்படவில்லை. சொத்திற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகவும் அவன் சொன்ன கணக்கே அங்கே உண்டு. இந்தப் பிரசுரங்களிற் கணக்கு எங்கே?

சபைகள் தெருவுக்கு இறங்கத் தெரியாதவையல்ல. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க முனைந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே குடியிருந்து போராடினர். அப்போராட்டத்தின் நியாய அநியாயத்தை இங்கு நாம் ஆராயவில்லை. ஒன்றுபட்டு எழவும் இரவு பகலாக விழித்திருக்கவும் அவர்களால் முடிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். ஆறாண்டுகள் கழித்து, 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் குண்டாந்தடி அவர்கள் மேல் வீழ்ந்தது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடைகளிற் சமமாக இருந்து தேநீர் குடிக்கும் உரிமைக்காக இரத்தம் சிந்தப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் மக்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். 1957இலேயே சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியிருந்தும் இத்தனை போராட்டம் வேண்டியிருந்தது. அந்நாட்களிற் பாடசாலைக்காக விழித்திருந்த சபைகள், அதே எண்ணிக்கையோடு அதே வேகத்தோடு தேநீர்க் கடைக்காக எழவில்லை. எமது ஆலயக் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது என்பது அவர்களின் சமாதானம். கதவு திறந்திருந்தது மெய். அதனால் மறியலுக்கு அங்கே இடம் இல்லாமற் போயிற்று. ஆராய்ச்சிக்கும் இடமில்லாமற் போயிற்று. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒரே வாங்கில் இருந்தவர்கள் படலையைத் தாண்டியதும் எவ்வெவ்வழியிற் பிரிந்தார்கள் என்பதை யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை.

விதிவிலக்குகள் இருந்தன, அவற்றை மறைப்பது நேர்மையன்று. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிப காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தின் தலைமகன் ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர். தீண்டாமை ஒழிப்பையும் சமபந்திப் போசனத்தையும் அவ்வியக்கம் மேடைப் பேச்சோடு நிறுத்தவில்லை. அவர் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். தெற்கே, 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர், குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தம் சிங்கள இனத்தவர் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று பகிரங்கமாகச் சொன்னார். அவ்வாண்டு ஒக்டோபரிற் காலமானார். திஸ்ஸ பாலசூரிய அடிகளார், வாரந்தோறும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் கிறிஸ்தவர் உலகின் பட்டினியையும் சுரண்டலையும் மாற்றாதது ஏன் என்று 1970களிலேயே கேட்டார். அவர் 1997இல் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். விலக்குக்குக் காரணம் அவர் மரியாளைப் பற்றி எழுதிய வேறொரு நூல். அடுத்த ஆண்டு விலக்கு நீக்கப்பட்டது. சாதி பார்த்துச் சம்பந்தம் பேசியமைக்காக எமது ஊரில் எவரும் விலக்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

எமது இடதுசாரித் தோழர்கள் சிலர் இவ்விடத்திற் புன்னகை புரிவர் என்பதும் எமக்குத் தெரியும். மதம் என்றாலே இப்படித்தான், இதற்கு ஏன் இத்தனை பக்கம் என்பர். இந்தப் புன்னகை சோம்பலின் புன்னகை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நெஞ்சு வாரந்தோறும் எங்கே வார்க்கப்படுகின்றதோ அங்கே என்ன நடக்கின்றது என்று பாராதவர் எந்த மக்களைத் திரட்டப் போகின்றனர்? அன்றியும், வர்க்க முரண்பாட்டை விளக்கும் நாவன்மை படைத்த தோழர் தம் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது எந்தத் தரகரிடம் போகிறார், அத்தரகர் முதலிற் கேட்கும் கேள்வி என்ன என்பதையும் அவர் ஆறுதலாக யோசிக்கலாம். உள்ளத்திற் சமத்துவம், ஊரிற் சாதி என்னும் நோய்க்குச் செபமாலை மட்டுமே அடையாளமன்று.

யுத்தம் எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டது என்னும் கதையும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள், யுத்தம் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் முகாம்களிலே தங்கிக் கிடந்தவர்கள் யார்? பெரும்பான்மையோர் திரும்பிப் போகச் சொந்தக் காணியற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். காணியுள்ளவர் காணி வாங்கினர், கொழும்பு சென்றனர், கடல் கடந்தனர். காணியும் கிணறும் இல்லாதவர் முகாமின் தண்ணீர்த் தாங்கியை நம்பி இருந்தனர். கிறிஸ்தவ மனப்பாங்கு கவலையை ஆண்டவனிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. ஆலயங்களுக்குச் சொந்தமான காணிகளை யாரிடம் ஒப்படைக்கலாம் என்றும் அது யோசிக்கலாமே.

கிறிஸ்தவ பாடம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். யோவான் நான்காம் அதிகாரம் வகுப்புக்கு வரும்போது, ஜீவ தண்ணீருக்குப் போகுமுன் ஊர்க் கிணற்றடியிற் சற்றே தரித்து நில்லுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றில் யார் யார் அள்ளுவார்கள், யார் அள்ளுவதில்லை, உங்கள் அடுப்படிவரை வருவோர் யார், முற்றத்தோடு நின்றுவிடுவோர் யார் என்று எழுதி வரச் சொல்லுங்கள். வினா கிணறு வைத்திருப்போரின் பிள்ளைகளை நோக்கியே இருத்தல் வேண்டும். குடத்தோடு நின்றவளின் பேத்தியை எழுப்பி வகுப்பின் நடுவே நாணச் செய்வது இன்னொரு கொடுமை. அதனை அறியாத ஆசிரியர் இப்பாடத்தைத் தொடாதிருப்பதே நன்று. விடைகளை உரக்க வாசிக்கவும் வேண்டாம். பிள்ளைகள் அதனை வீட்டிற் கேட்டு எழுத வேண்டியிருக்கும் என்பதே போதும்.

மறுநாள் அதிபரின் மேசைக்கு முறைப்பாட்டுக் கடிதங்கள் வரும். பாடத்திட்டத்தில் இல்லாத அரசியலை வகுப்புக்குட் கொண்டுவருவதாக அவை குற்றஞ்சாட்டும். கையொப்பமிட்டோரின் பெயர்களை ஆலய நிருவாக சபையின் பெயர்ப்பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க மறவாதீர்கள்.